சுடர் மாற்றிச் சொன்னது

பிப்ரவரி 3, திங்கள்

தினமும் காதில் விழுந்ததை எழுதி வைக்கணும் என்று மதுரை ஆஸ்பத்திரி ஜெசிந்தா மேடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வரி எழுதினாலும் போதுமாம். அடுத்த தடவை போகும்போது காது மெஷினைச் சரிசெய்ய அது உதவுமாம். மேடம் இதை வாயால் சொன்னார்கள், சுடர் கையால் எனக்குச் சொன்னாள். சுடர்மதி என் மகள். எட்டாவது படிக்கிறாள். ஊரில் யார் என்ன சொன்னாலும் எனக்கும் அவள் அப்பாவுக்கும் அது அவள் கை வழியாகத்தான் வரும்.

நான் பிறவிச் செவிடு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில் காது மங்க ஆரம்பித்தது. காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். கல்யாணமாகி, சுடர் வயிற்றில் இருக்கும்போது மிச்சக் காதும் போய்விட்டது. இவருக்கு, என் வீட்டுக்காரர் உலகநாதனுக்கு, பிறந்ததிலிருந்தே ஒரு சத்தமும் கேட்டதில்லை. காதுக்குள் கருவி வைக்கிற இந்த ஆபரேஷன் இவருக்குப் பலன் தராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் போன மாசம் செய்தார்கள். இன்றைக்குத்தான் மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டி முதல் தடவையாக ஆன் பண்ணினார்கள்.

தகர டப்பாவில் ஆணியைப் போட்டுத் தலைக்குள் குலுக்கின மாதிரி இருந்தது. பயந்து எழுந்துவிட்டேன். அது மேடம் பேசின சத்தமாம். பிறகு சுடர் என் முன்னால் உட்கார்ந்து "அம்மா" என்றாள். உதட்டைப் பார்த்துத்தான் அம்மா என்று தெரிந்தது. காதில் விழுந்தது பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் 'என்ன ஆச்சு?' என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, புதன்

அப்பளம் பொரிக்கும்போது இத்தனை சத்தம் வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிப்ரவரி 12, புதன்

பக்கத்துத் தெரு ஈஸ்வரி அக்கா இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தார். வீட்டில் வைத்து நான் தைக்கிறேன். இவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடையில் பேனர் டிசைன் செய்கிறார். உதட்டைப் பார்த்தால் எனக்குப் பாதி புரியும். வேகமாகப் பேசினால், தலையைத் திருப்பிக்கொண்டால் ஒன்றும் புரியாது. சாயங்காலம் சுடர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வாருங்கள் என்று எல்லாரிடமும் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

ஈஸ்வரி அக்கா இன்றைக்கு நிறையப் பேசினார். சுடர் சொன்னாள்: 'ஒன் கை மாதிரி யாருக்கும் வராதாம்மா. இந்தத் தெருவுலயே ஒன்னத்தான் அவங்களுக்குப் பிடிக்குமாம்.'

ஊரில் சில பேர் எங்களை மாதிரி உள்ளவர்களை ரொம்ப மோசமாக நடத்துகிறார்கள் என்று செவித்திறன் இல்லாதோர் சங்கத்தில் பேசிக்கொள்வார்கள். நான் சாமியைக் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்களுக்கு அப்படி அமையவில்லை. அக்கம்பக்கம், இவருடைய அண்ணன் வீடு, கடைக்காரர்கள் எல்லாருமே தங்கமான மனுஷர்கள்.

மெஷினில் தையல் மிஷின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. மனுஷக் குரல் எல்லாம் ஒரே இரைச்சல்.

பிப்ரவரி 24, திங்கள்

தினமும் சுடர் எனக்குப் பாடம் எடுக்கிறாள். ஹாக்கி பிராக்டிஸ் முடிந்து புழுதியோடு வந்து, கால்கூடக் கழுவாமல் எதிரே உட்காருவாள். சாப்பாட்டுத் தட்டால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வாள். நான் திருப்பிச் சொல்லணும்.

அவள் "மாங்கா" என்றாள். நான் "மூக்கா" என்றேன். அவள் "தேங்கா" என்றாள். நான் "டேங்க்கா" என்றேன். தட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். தட்டு விழுந்த சத்தத்தில் நான் அலறினேன். அதற்கும் சிரித்தாள்.

பிறகு மறுபடி தட்டைத் தூக்கி ஏதோ சொன்னாள். "அம்மா" என்று கேட்டது.

பல்லி கத்தவில்லை, டப்பா உருளவில்லை. ஒரு பிள்ளையின் குரல் அது. கொஞ்சம் கரகரப்பாக, மைதானத்தில் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. என் மனசில் இத்தனை வருஷமும் அவளுக்கு வேறு குரல் இருந்தது. மெல்லிசாக, கீச்சென்று ஒன்றை நானே வைத்திருந்தேன். அது இனிமேல் இல்லை.

'ஏம்மா அழுறே? தப்பாக் கேக்குதா?' என்று கையால் கேட்டாள். சரியாகக் கேட்கிறது என்றேன்.

அவள் குழந்தையாக இருந்தபோது எத்தனையோ தடவை அம்மா என்று கத்தியிருப்பாள். நான் திரும்பியிருக்கவே மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் சாப்பிடும்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. டிவி பார்த்துச் சிரித்தால் பெரிதாக, ஒரு மாதிரியான சத்தம். எனக்குத் திடுக்கென்றது. இவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

ஈஸ்வரி அக்கா பிளவுஸ் வாங்க வந்தார். கூட அவர் தங்கச்சி. சுடர் என் பக்கத்தில் நின்றாள். நான் பித்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். உதட்டைப் பார்க்கவில்லை.

"இந்தச் செவிட்டு மூதேவிகிட்ட குடுக்காதன்னு எங்க வீட்ல அப்பவே சொன்னாக. கழுத்தை எப்படி வெட்டி வச்சிருக்கான்னு பாரு. அந்த டெய்லர் ஊருக்குப் போனதால இங்க வந்து நிக்க வேண்டியிருக்கு."

தங்கச்சி சிரித்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஈஸ்வரி அக்கா என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். எப்போதும் செய்கிற அதே புன்னகை.

சுடர் என் தோளைத் தொட்டுக் கையால் சொன்னாள்: 'கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கமா வேணுமாம். மத்தபடி அருமையா இருக்காம். தங்கச்சியும் இனிமே ஒன்கிட்டதான் குடுப்பாங்களாம்.'

நான் தலையாட்டினேன். புன்னகையும் செய்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ரசம் வைத்தேன். துணி ஊறப் போட்டேன். இவர் சட்டைக்குப் பித்தான் தைத்தேன்.

தப்பாகக் கேட்டிருக்கலாம். மெஷின் புதுசு. மாங்காயை மூக்கு என்று கேட்ட காது இது.

மார்ச் 18, செவ்வாய்

பால்காரர் வந்தார். "ஏ புள்ள, ஒங்க ஊமையன்கிட்ட சொல்லு, கேட்டைத் தெறந்து போட்டுட்டுத் தூங்குதான், நாய் வந்து பால்ல வாய வைக்குது."

சுடர் அவள் அப்பாவிடம்: 'கேட்டை மட்டும் சாத்தணுமாம்ப்பா. நாய்த் தொந்தரவா இருக்காம். ஒங்க மேல ரொம்ப அக்கறை அவருக்கு.'

இவர் பால்காரரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

தப்பாகக் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இவருடைய அண்ணன் அருணகிரி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பிள்ளை வீல் என்று கத்தியது என் காதுக்குள் ஊசி இறங்கின மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ சீனியை வாயில் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காத முகத்தோடு நின்றேன். அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

சுடரிடம் இன்னும் சொல்லவில்லை. சும்மா சத்தம்தான் கேட்கிறது, வார்த்தை பிரியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் தட்டால் வாயை மறைத்து அவள் சொல்கிற வார்த்தைகளை வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

குடும்பப் போட்டோ எடுக்க எல்லாரும் நின்றார்கள். இவர் ஆசையாகப் போய் அண்ணன் பக்கத்தில் நின்றார். அருணகிரி மச்சான் போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டே, பல் தெரியச் சிரித்துக்கொண்டே பேசினார்:

"இதுக ரெண்டும் நல்ல காரியத்துல முன்னாடி வந்து நிக்குதுக பாரு. பின்னால போகச் சொல்லுட்டி ஒங்கப்பன."

சுடர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. முகம் மாறவே இல்லை. கைகள் பறந்தன: 'அப்பா, நீங்க ரொம்ப உயரம்ல, முன்னாடி நின்னா பின்னால உள்ளவங்கள மறைக்குமாம். பெரியப்பா கொஞ்சம் பின்வரிசைக்குப் போகச் சொல்லுதாங்க.'

இவர் 'என் அண்ணன் பக்கத்துல நான் நிக்கக் கூடாதா?' என்று கேட்டார்.

சுடர் பெரியப்பாவைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்: "பேரன் ஒங்க சாடையில இருக்கான்னு அப்பா சொல்லுதாங்க, பெரியப்பா."

மச்சான் முகம் கொஞ்சம் இளகியது. "சரி சரி, ஓரமா நிக்கச் சொல்லு" என்றார்.

இவர் ஓரமாக நின்றார். சந்தோஷமாகவே நின்றார். போட்டோவில் நல்லாத்தான் விழுந்திருப்பார்.

இரண்டு பக்கமும் மாற்றுகிறாள். அவர்கள் வாயிலிருந்து வருவதையும் மாற்றுகிறாள், எங்கள் கையிலிருந்து போவதையும் மாற்றுகிறாள். நடுவில் அவள் மட்டும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறாள். பாயசம் ஊற்றினார்கள். எனக்கு இறங்கவில்லை. சுடர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கமான மனுஷர்கள் என்று போன மாசம் இதே நோட்டில் எழுதினேன். அந்த மனுஷர்களை எல்லாம் செய்தது இந்தப் பிள்ளையா?

ஏப்ரல் 11, வெள்ளி

ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் ஜெபமணி சார் எங்களை மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். இவர் கடையில் சொல்லிவிட்டு வந்தார். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டேன்.

சார் வயசானவர், அன்பான முகம். விசில் கழுத்தில் தொங்கியது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினார்.

"இவளை மாதிரி ஒரு ஆட்டக்காரிய நான் ரொம்ப வருஷமாப் பாக்கல. திருச்சி விளையாட்டு விடுதிக்கு செலக்ட் ஆகிட்டா. படிப்பு, சாப்பாடு, கோச்சிங் எல்லாம் அங்கயே. போன வருஷமும் செலக்ட் ஆனா, நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா. இந்த வருஷமாவது மனசு வைங்க. இதுக்கு மேல போனா வயசு தாண்டிரும். கெஞ்சிக் கேக்கேன்."

போன வருஷம் யார் வேண்டாம் என்றார்கள்? போன வருஷம் இந்த சார் பேசியபோது சுடர் எங்களுக்குச் சொன்னது, 'டோர்னமெண்ட்ல நல்லா ஆடினேனாம்' என்று மட்டும்தான்.

சுடர் இப்போது அப்பாவைப் பார்த்துக் கையால் சொன்னாள்: 'நான் நல்லா ஆடுறேனாம்ப்பா. ஷூ பிஞ்சிருக்காம், புதுசு வாங்கித் தரணுமாம்.'

இவர் முகம் பூரித்துவிட்டது. 'என் பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் செய்வேன்னு சாரிடம் சொல்லு. அவள் பெரிய ஆளா வரணும்' என்றார்.

சுடர் சாரைப் பார்த்தாள். "வேண்டாங்காங்க சார். பொம்பளப் பிள்ளைய வெளியூருக்கு அனுப்ப முடியாதாம். இனிமே கேக்க வேண்டாம்னு சொல்லுதாங்க."

சார் இவரைப் பார்த்த பார்வை! ஒன்றும் தெரியாமல், சிரித்த முகத்தோடு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்ற மனுஷனை, அழுக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் வெளியாட்கள் முன்னால் வாய் திறந்து பேசுவதில்லை. என் பேச்சு கோணலாக வரும், சின்ன வயசில் சிரித்திருக்கிறார்கள். அதையெல்லாம் யோசிக்கிறதுக்குள் என் வாய் பேசிவிட்டது.

"சார். அவர் அப்படிச் சொல்லல."

சார் திரும்பினார். சுடர் திரும்பினாள்.

"அவர் சரின்னு சொன்னார். என்ன வேணும்னாலும் செய்வேன்னார். போன வருஷமும் நாங்க வேண்டாம்னு சொல்லல. எங்களுக்குத் தெரியாது. எனக்கு இப்ப காது கேக்கும், சார்."

சுடரின் கையிலிருந்து ஹாக்கி மட்டை விழுந்தது. அவள் என்னைப் பார்த்த மாதிரி ஒரு பிள்ளை அம்மாவைப் பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் வந்த திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு ஓடிவிட்டாள்.

இவர் என் தோளை உலுக்கி உலுக்கி என்ன, என்ன என்று கேட்டார். நான் என்னவென்று சொல்வேன்?

ஏப்ரல் 12, சனி

நேற்று வீட்டுக்கு வந்ததும் சுடர் கத்தினாள். கையால் பேசவில்லை. என்னிடம் வாயால் கத்தியது அதுதான் முதல் தடவை.

"எப்பருந்து கேக்குது?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமாவா? அப்ப எல்லாத்தையும் கேட்டியா? ஈஸ்வரி அத்தை சொன்னதையுமா? காதுகுத்துலயுமா?"

"ஆமா."

"கேட்டுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னியாம்மா? நான் ஒன் முன்னாடியே பொய் சொல்லிட்டிருந்தேன், நீ பாத்துட்டே இருந்திருக்க. எனக்கு எப்படி இருக்கும்?"

எனக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த சமயம். அப்பா கூட ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் அப்பாவை ஏதோ சொன்னார், அப்பா என்னவென்று கேட்டார், இவள் அப்படியே கையால் சொல்லிவிட்டாள். "அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதும்மா. சொன்னதும் அப்பா சட்டையைக் கீழ வச்சிட்டு வந்திட்டாங்க. அன்னைக்கு அப்பா சாப்பிடல. நான் ஊட்டினேன், அப்பவும் சாப்பிடல. அதுக்கப்புறம் நான் அப்படிச் சொல்றதில்ல."

"திருச்சிக்கு ஏன் வேண்டாம்னே?"

"நான் போயிட்டா யாரு ஒங்களுக்குச் சொல்லுவா?"

பிறகு, ரொம்ப மெல்ல ஒன்று சொன்னாள். மெஷினில் அது சரியாக விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொல்லவே இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுடர் மாடியில் இருந்தாள். அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து, பால்காரர், ஈஸ்வரி அக்கா, அண்ணன் எல்லாரையும் பற்றி மறைக்காமல் சொன்னேன். இவர் உடைந்துபோவார் என்று பயந்தேன்.

இவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சொன்னார்: 'தெரியும்.'

எனக்குப் புரியவில்லை.

'வாய் சொல்றது தெரியாது. மூஞ்சி தெரியாதா? பிறந்ததிலிருந்து மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருக்கேன். அண்ணன் எப்படிச் சிரிச்சா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.'

'தெரிஞ்சுமா அவங்களுக்கு நன்றி சொன்னீங்க?'

'அவங்களுக்கு இல்ல. அவளுக்குச் சொன்னேன். திட்டுறவன் மூஞ்சியப் பார்ப்பேன், அப்புறம் பிள்ளை கையப் பார்ப்பேன். அந்த அழுக்குப் பேச்சை வாங்கி எவ்வளவு அழகா மாத்தி எங்கிட்ட குடுக்கா. எனக்குத் தெரியும்னு சொன்னா அவளுக்குக் கஷ்டமா இருக்கும். அதான் சொல்லல.'

நான் அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். குழம்பு அடி பிடித்தது. வாடை வந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் இவருக்காகப் பொய் சொல்ல, இவர் அவளுக்காக நம்புவதுபோல் இருக்க, நடுவில் நான் ஒருத்தி மட்டும் உண்மையாகவே நம்பிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

திருச்சி விஷயம் மட்டும் இவருக்குத் தெரியவில்லை. 'சார் பேசும்போது மூஞ்சியில கெட்டது ஒண்ணும் இல்ல. அதனால அவ சொன்னதை அப்படியே நம்பினேன்' என்றார். 'நான் அனுப்ப மாட்டேன்னு சொன்னதாவா சார்கிட்ட சொன்னா? நானா?'

அதற்குத்தான் அழுதார். வேறு எதற்கும் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. காலையிலேயே இவர் சட்டை மாட்டிக்கொண்டு சுடரைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். சாரின் முன்னால் நின்று, சுடரைக் காட்டி, தூரத்தைக் காட்டி, இரண்டு கட்டைவிரலையும் தூக்கினார். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சார் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சுடர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கோல் போஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 3, சனி

ஈஸ்வரி அக்கா வந்தார். சுடர் வீட்டில் இல்லை. "எக்கா, எனக்கு இப்ப காது கேக்கும். மார்ச் மாசத்துலருந்தே கேக்குது" என்றேன்.

அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வெற்றிலைச் சாறு தொண்டையில் இறங்கி இருமினார். போய்விடுவார் என்று நினைத்தேன். பையிலிருந்து துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கழுத்து கொஞ்சம் பாத்து வெட்டும்மா" என்றார். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"சரிக்கா" என்றேன். நன்றாகவே வெட்டுவேன். அன்றைக்குக் கழுத்து கோணலாகத்தான் இருந்தது, அதையும் பார்த்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

சுடர் என்னோடு இப்போது வாயாலும் பேசுகிறாள், கையாலும் பேசுகிறாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "பாதி" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

சுடரைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்தோம். விடுதி வாசலில் அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எனக்கு மெஷினின் பேட்டரி எப்படி மாற்றணும் என்று மறுபடி சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரியாதவள்போல் கேட்டுக்கொண்டேன்.

"யாராவது ஏதாவது சொன்னா அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டாள்.

"சொன்னதைச் சொல்லுவேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்ட்டி. எப்பவுமே தெரியுமாம்."

இதை அவளிடம் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு மாசமாக யோசித்து வைத்திருந்தேன். வாசலில் வாய் தவறி வந்துவிட்டது. சுடர் ஆடாமல் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். இவர், பேச்சு எதைப் பற்றி என்று எப்படியோ புரிந்துகொண்டு, தலையை மெல்ல ஆட்டினார். அவள் கை எதையோ சொல்ல எழுந்தது, பாதியில் நின்றது. பிறகு அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டாள். ஆட்டுக்குட்டி முட்டுவதுபோல, கோபமாக, இரண்டு மூன்று தடவை.

அவள் குரலைக் கேட்க ஆரம்பித்து நான்கு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் விட்டுவிட்டு வருகிறேன்.

ஜூன் 12, வியாழன்

மெஷின் மாட்டவில்லை. வீட்டில் கேட்கிறதுக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 22, ஞாயிறு

அங்கே பிள்ளைகளுக்கு செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வார்டனின் பட்டன் போனில் கொஞ்ச நேரம் பேசலாம். முகம் பார்த்துக் கையால் பேச வழி இல்லை. காதால் கேட்டால்தான் உண்டு.

இன்றைக்குப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் பிரியவில்லை. தகர டப்பாவும் ஆணியும்தான். "சுடர், சுடர்" என்று நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு இவர் என்ன சொன்னாள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஜூன் 26, வியாழன்

போனைக் காதில் வைத்துப் பழகுகிறேன். எதிர்வீட்டு ஜெயந்தி அவள் வீட்டிலிருந்து போன் செய்து பத்திரிகை வாசிக்கிறாள். மழை வரும் என்றாள். மாலை வரும் என்று கேட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் சாப்பாடு முடிந்து போன் வந்தது. கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தும் அடைத்தும் உட்கார்ந்தேன். இவர் எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"அம்மா."

கேட்டது. அந்தக் கரகரத்த குரலேதான்.

"சொல்லு சுடர், கேக்குது."

அதற்குப் பிறகு மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அப்புறம்: "நான் வந்திடட்டுமாம்மா? எல்லாரும் பெரிய பிள்ளைங்க. என்னைப் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. ஒங்க ஞாபகமாவே இருக்கு. அப்பா என்ன செய்யுதாங்க?"

இவர் என்ன, என்ன என்று கேட்டார். என் கை எழுந்தது, ஒரு நொடி நின்றது. நல்லா இருக்கேன்னு சொல்றா என்று சொல்லிவிட்டால் இவர் நிம்மதியாகத் தூங்குவார். சுடர் தினமும் இந்த ஒரு நொடியில்தான் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சொன்னேன்: 'அழுறா. வந்திடட்டுமான்னு கேக்கா. பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்களாம்.'

இவர் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்: 'நானும் அழுறேன்னு சொல்லு. ரெண்டு பேரும் இங்க ஒரே தட்டுல சாப்பிடுறோம், ரெண்டு தட்டு மட்டும் எடுத்து வைக்கப் பிடிக்கலன்னு சொல்லு. வான்னு சொல்ல எனக்கு ஆசையா இருக்கு. இருன்னு சொல்லவும் ஆசையா இருக்கு. எதைச் சொல்றதுன்னு தெரியல, அவளையே முடிவு பண்ணச் சொல்லு. எதுன்னாலும் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன்.'

ஒரு வார்த்தை விடாமல் போனில் சொன்னேன். என் கோணல் பேச்சில் சொல்லி முடிக்க நேரம் ஆனது.

"அம்மா. அப்பா நெசமாவே அப்படியா சொன்னாங்க? நீயா மாத்திச் சொல்லலையே?"

"மாத்தலட்டி. எனக்கு ஒன்ன மாதிரியெல்லாம் வராது."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. இறக்குவாங்களான்னு தெரியல. ரெண்டு பேரும் வாங்க. வந்து பாத்துட்டுப் போங்க."

பார்த்துட்டுப் போங்க என்றுதான் சொன்னாள். கூட்டிட்டுப் போங்க என்று சொல்லவில்லை. அதையும் இவரிடம் அப்படியே சொன்னேன். இவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடைந்து உடைந்து, குலுங்கிக் குலுங்கி. போனை இவர் உள்ளங்கையில் வைத்தேன். அதிர்வது தெரிந்திருக்கணும், சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

'சிரிக்காளா, அழுறாளா?'

காதோடு அழுத்தி நன்றாகக் கேட்டேன்.

'ரெண்டும்' என்று சொன்னேன்.